கொட்டினால் தீருமா?

மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பது படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் ஊறிப்போன நம்பிக்கை. அழவைத்து, கத்தவைத்து, உள்ளே தேங்கியதை வெளியே எடுப்பதுதான் மனநல ஆலோசகரின் வேலை என்று ஆலோசனைக்கு வரும் பெரியவர்களே பலர் நினைக்கிறார்கள். இந்தக் கணக்கில் மனம் ஒரு பிரஷர் குக்கர். ஆவி போகாவிட்டால் வெடித்துவிடும். ஆனால் கோபமும் துக்கமும் இவ்வளவு என்று அளந்து உள்ளே அடைத்துவைத்த சரக்கு அல்ல. நினைக்க நினைக்கச் சுரப்பவை அவை.

இந்த நம்பிக்கைக்கு மருத்துவ அந்தஸ்து கிடைத்தது வியன்னாவில். யோசப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு நூலில், 'அன்னா ஓ.' என்ற இளம்பெண் பேசிப் பேசியே தேறியவராகக் காட்டப்பட்டார். உண்மையில், பிராயர் சிகிச்சையை முடித்த 1882ஆம் ஆண்டிலேயே அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். இதைக் காட்டும் ஆவணங்கள் 1970களில்தான் வெளிவந்தன; அதற்குள் கதை உலகம் சுற்றிவிட்டது. அலறித் தீர்ப்பதையே சிகிச்சையாக்கி ஆர்தர் ஜானோவ் 1970இல் புத்தகம் போட்டார். பாடகர் ஜான் லெனனும் அவரிடம் போனார். இன்று காசு வாங்கிக்கொண்டு பாட்டிலையும் பழைய டிவியையும் உடைக்கவிடும் அறைகளும் அந்த வம்சம்தான்.

சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொருவர் படுமோசம் என்று மட்டம் தட்டியதாகச் சொல்லி முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு குழு, மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியது. இன்னொரு குழு உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருந்தது. அடுத்து, எதிராளியின் காதில் இரைச்சலைப் பாய்ச்ச வாய்ப்புக் கொடுத்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களே கோபத்திலும் முரட்டுத்தனத்திலும் முன்னால் நின்றார்கள். சும்மா இருந்தவர்கள்தான் அடங்கியிருந்தார்கள்.

கோபத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. விபத்தில் சிக்கியவரை உடனே உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்லவைக்கும் வழக்கம் 1980களிலிருந்து பரவியது. இங்கிலாந்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்களை மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படிச் சொல்லவைக்கப்பட்டவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு, பேசச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது.

அப்படியானால் பேச்சே வேண்டாமா? சிகிச்சை பேச்சால்தான் நடக்கிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறுக்கு உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த முறையில், நோயாளி அந்தச் சம்பவத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் அது வாரக்கணக்கில், திட்டமிட்டு, அச்சம் மெல்லத் தணியும்வரை நடக்கிறது. சொன்ன பிறகு, 'என் தவறுதான்' என்பது போன்ற எண்ணங்கள் ஆலோசகரோடு சேர்ந்து அலசப்படுகின்றன. எண்ணங்களைச் சோதிக்கும் சிகிச்சையை வகுத்த ஆரன் பெக் வழியில் வந்தவர்களும் அழுகையைத் தடுப்பதில்லை. அது ஓய்ந்ததும் கேள்விக்கு வருகிறார்கள். 'மேலதிகாரி என்னை மதிப்பதே இல்லை' என்று குமுறுபவரிடம், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அவர் சொன்னது என்ன, அந்த நொடியில் மனதில் ஓடியது என்ன, வேறு எப்படி அதை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று கேட்டு, மூன்றையும் தாளில் எழுதவைக்கிறார்கள். அடுத்த வாரத்துக்குள் செய்துபார்க்க ஒரு சின்ன வேலையும் தருகிறார்கள்: அந்த மேலதிகாரியிடம் நேராக ஒரு கேள்வி கேட்பது, விட்டுப்போன நடையை மீண்டும் தொடங்குவது போல.

கொட்டியவுடன் லேசாக இருப்பது பொய்யல்ல. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல் அது. அது இல்லாமல் ஆலோசனை தொடங்கவே முடியாது. ஆனால் வாரக்கணக்கில் அதே கதை, அதே சொற்கள், அதே ஆத்திரத்தோடு வந்துகொண்டிருந்தால், ஆலோசகர் தன் முறையை மாற்ற வேண்டும். அவர் மாற்றாவிட்டால், ஏன் என்று கேட்கும் உரிமை வந்தவருக்கு உண்டு.