கைதட்டினால் உலை கொதிக்காது

2023 ஏப்ரல் 15 காலையில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் சண்டை வெடித்தது. ஒருபக்கம் ஜெனரல் புர்ஹானின் ராணுவம். மறுபக்கம் அதுவரை அவரோடு அதிகாரத்தைப் பங்குபோட்டிருந்த ஹெமெட்டியின் ஆர்எஸ்எஃப் துணைப்படை. வெளிநாட்டுத் தூதரகங்களும் ஐ.நா. அலுவலர்களும் சில நாள்களில் ஊரைக் காலிசெய்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, குழாயில் தண்ணீர் நின்றது. ஊர்க்காரர்களுக்கு ஊர்க்காரர்களே மிச்சம்.

அவர்களிடம் ஒரு முன்தயாரிப்பு இருந்தது. 30 ஆண்டுகள் ஆண்ட ஒமர் அல்-பஷீரை 2019இல் வீழ்த்திய போராட்டத்தின்போது பேட்டைதோறும் எதிர்ப்புக் குழுக்கள் வளர்ந்திருந்தன. எந்த வீட்டில் நீரிழிவு நோயாளி இருக்கிறார், எந்தச் சந்து வழியாகப் போனால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் அந்த இளைஞர்களுக்கு அத்துப்படி. 'அவசரகால உதவி அறைகள்' என்ற தன்னார்வ வலையமைப்புக்கு அதுவே அடித்தளம். மருந்து தேடினார்கள், மக்களை வெளியேற்றினார்கள், பொதுச் சமையற்கூடங்கள் திறந்தார்கள். சூஃபி மடங்களில் ஏழைகளுக்குச் சோறிடும் பழைய வழக்கம் இருந்த ஊர் அது. பருப்பும் மொச்சையும் பெரிய அண்டாக்களில் வெந்தன. பலருக்கு நாளில் அந்த ஒருவேளைதான் சாப்பாடு.

வெளிநாட்டில் வேலைபார்க்கும் உறவுகள் 'பன்கக்' என்ற வங்கிச் செயலி வழியாகப் பணம் அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு பெரும்பகுதி துண்டிக்கப்பட்டபோது அந்த வழியும் முடங்கியது. பிறகு செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் தட்டுகளைத் தேடி ஓடவேண்டியதாயிற்று.

உலகம் இவர்களைப் பார்க்காமல் இல்லை. 2025இல் நார்வேயின் ராஃப்தோ மனித உரிமைப் பரிசு கிடைத்தது, நோபல் அமைதிப் பரிசுக்கும் பேர் அடிபட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. சமையற்கூடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடப்பட்டதாகத் தன்னார்வலர்கள் சொன்னார்கள். 'எதையும் தாங்கும் மக்கள்' என்ற பாராட்டு, கொடுக்க மனமில்லாதவர்களுக்கு எவ்வளவு வசதியாகிவிடுகிறது!

தாங்குவதற்கும் எல்லை உண்டு. 2024 மே முதல் ஆர்எஸ்எஃப் முற்றுகையிட்ட, நாட்டின் மேற்கிலுள்ள எல் ஃபாஷர் நகரில், மாட்டுக்குப் போடும் கடலைப் பிண்ணாக்கை மனிதர்கள் தின்றார்கள். சமையற்கூடங்களும் அதையே பரிமாறின. பிறகு அதுவும் கிடைக்கவில்லை. 2025 அக்டோபரில் நகரம் விழுந்தது, படுகொலைகள் நடந்தன. துப்பாக்கியை எந்த அண்டாவாலும் தடுக்க முடியாது.

ஆகவே இவர்களுக்கு இப்போது தேவை பணமும் பாதுகாப்பும். நன்கொடை தரும் அமைப்புகள் பதிவுச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் கேட்கின்றன. யாரிடம் போய்ப் பதிவது? பதிவு அலுவலகமே சண்டைபோடும் தரப்பின் கையில். சிறு தொகைகளை நேரடியாகக் கொடுத்து, ரசீதையும் பேட்டை மக்களின் சாட்சியத்தையும் கணக்காக ஏற்பதில் என்ன குறைந்துவிடும்?

பாதுகாப்பு இன்னும் கடினம். எதிரிக்கு உதவியதாகச் சொல்லி இரு தரப்பும் தன்னார்வலர்களைக் கைதுசெய்திருக்கின்றன, சிலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமை மீட்ட பிறகும் அந்தச் சந்தேகப் பார்வை தொடர்ந்தது. புர்ஹானையும் ஹெமெட்டியையும் பேச்சுக்கு அழைக்கும் நாடுகள், சிறையிலிருக்கும் தன்னார்வலர்களின் விடுதலையை முதல் நிபந்தனையாக வைக்கட்டும்.