ஊறிக்கொண்டே இருக்கும் நாவல்கள்

சத்தியமங்கலத்தில் நாங்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவோம். முப்பது நாளில் ஒரு நாவல் எழுதிப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகப் போன மாதம் அங்கே வாய்விட்டுவிட்டேன். நண்பர் ஒருவர் அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். நாவல் ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊற வேண்டுமாம். கெடு வைத்து எழுதினால் அது சரக்குதானாம், இலக்கியம் ஆகாதாம். இந்தக் கூத்தைத் தொடங்கிய அமெரிக்காக்காரர்களே கடையைச் சாத்திவிட்டார்களாம். டீ ஆறுகிறதே என்று அன்றைக்குச் சும்மா இருந்தேன். இப்போது சொல்கிறேன், மூன்றும் தப்புங்க.

கடைசி வாதத்திலிருந்து வருகிறேன். 1999இல் கிறிஸ் பேட்டி என்பவர் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய பந்தயம் அது. ஒரு மாதம், 50,000 சொல். அடுத்த ஆண்டு நவம்பருக்கு மாறி உலகமெல்லாம் பரவியது. நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது உண்மைதான். பணத்தட்டுப்பாடும் நிர்வாகத்தின் மேல் எழுந்த புகார்களும் சேர்ந்து அதைச் சாய்த்தன. நம் கொங்கு நாட்டில் மூடிய மில்கள் எத்தனை! அதற்காகப் பஞ்சிலிருந்து நூல் வராது என்று யாராவது சொன்னோமா? சாரா குருயனின் ‘வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்’ முதல் வரைவு அந்த நவம்பர் வேலையில் பிறந்ததுதான்.

அடுத்தது கெடு. நண்பர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் இருக்கிறது. 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டு, வாரம் தவறாமல் அச்சுக்குப் போன தொடர் அது. பக்கத்தில் தாஸ்தாயெவ்ஸ்கியும் இருக்கிறார். 1866இல், குறித்த தேதிக்குள் நாவல் தராவிட்டால் ஒன்பது ஆண்டுக்குத் தன் எழுத்தைப் பதிப்பாளர் காசில்லாமல் அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தத்தில் சிக்கிக்கொண்டார். அன்னா என்ற சுருக்கெழுத்தாளரிடம் சொல்லிச் சொல்லி, 26 நாளில் ‘சூதாடி’யை முடித்தார். அண்மைக் காலத்துக்கு வந்தால், ஜெயமோகன் 2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை நாளுக்கோர் அத்தியாயமாக வெளியிட்ட ‘வெண்முரசு’ 26 நாவல்களாக நிற்கிறது.

“அப்போ மாத நாவல்?” என்று நண்பர் உதடு பிதுக்குவார். கோவை ராஜேஷ்குமார் 1,500க்கும் மேல் எழுதியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய அந்தப் புத்தகங்களில்தான் என் தலைமுறையில் பாதிப் பேர் வாசிக்கப் பழகினோம். அவற்றையும் ‘சூதாடி’யையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. இரண்டுக்கும் கெடு இருந்தது. ஆகவே, தரத்தைக் கெடு முடிவு செய்வதில்லை என்றுதான் ஆகிறது. அவர் சான்றே அவருக்கு எதிராகத் திரும்புகிறது.

இனி ஊறல். இதில் அவர் எடுத்துப்போட்டது ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. நல்ல சீட்டுத்தான். நம் மலையில் அதிரடிப்படையிடம் சோளகர்கள் பட்ட வதையைச் சொல்லி 2004இல் வந்த அந்த நாவலை முப்பது நாளில் யோசித்து எழுதியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதை எழுதியவர் மனித உரிமைப் பணியில் இறங்கிய வழக்கறிஞர். அந்த நாவலுக்குப் பின்னால் இருந்த காலம் பாதிக்கப்பட்டவர்களோடு கழிந்த காலம். நண்பருடைய ஆண்டுகள் எங்கே கழிந்தன? அவர் நாவல் பதினோரு வருஷமாக ஊறுகிறது. ஒரு பக்கத்தையும் ஒருவரும் பார்த்ததில்லை. அரிசி நாலு மணி நேரம் ஊறினால் மாவாட்டலாம். நாலு நாள் ஊறினால் தெருவே மூக்கைப் பிடிக்கும்.

மல்லி பறிக்கப் போகும் பெண்களை அவர் பார்க்காதவர் அல்ல. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிறார்கள். முகூர்த்த நாளில் பூ என்ன விலைக்குப் போகும், மறுநாள் என்ன விலைக்கு விழும் என்று அவர்களுக்கும் தெரியும். விலை இறங்கிய நாளிலும் பூ செடியிலேயே காத்திருக்காது. மனசு கூடிவரட்டும் என்று உட்கார்ந்திருப்பது நம்மைப் போன்ற பேனா பிடித்தவர்களுக்கு மட்டும் வாய்த்த சொகுசு.

ஆனாலும் அந்தப் பந்தயத்தை அப்படியே தூக்கிவர மாட்டேன். 50,000 என்பது ஆங்கிலக் கணக்கு, நாளுக்கு 1,667 சொல். ‘போகாமலிருந்திருக்கலாம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்கு அவர்களுக்கு நாலைந்து சொல் வேண்டும். அதனால் சொல்லை விட்டுவிட்டுப் பக்கத்தை எண்ணப்போகிறேன், நாளுக்கு ஐந்து. நவம்பரும் வேண்டாம்; ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாண மண்டபத்தில் உட்கார வேண்டியிருக்கும். மார்கழியில் கல்யாணமும் இல்லை, புதுமனை புகுவிழாவும் இல்லை. மொய் நோட்டுக்கும் ஓய்வு. அந்த மாதம்தான் எனக்குத் தோது. கையில் வருவது மட்டமான முதல் வரைவாகத்தான் இருக்கும். அதை நாவல் என்று சொல்லி யாரிடமும் நீட்டப்போவதில்லை.

என்னைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்கள் மார்கழி முதல் நாள் உட்காருங்கள். முடிகிற நாள் போகி. பழைய பாயை எரியுங்கள், எழுதிய கட்டை மட்டும் எடுத்து வையுங்கள். தை முழுக்கத் திருத்துகிற வேலை இருக்கிறது.