ஏழு வருட ஏணி

பீகாரிலும் ஜார்க்கண்டிலும் கிராமத்து ஜனங்கள் அவரை ‘ஏ.என்.எம். தீதி’ என்று கூப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அவர் கிராம சுகாதார நர்ஸ். அரசாங்கக் காகிதத்தில் துணை நர்ஸ் மற்றும் மருத்துவச்சி. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணை சுகாதார நிலையம்தான் அவருடைய ராஜ்யம். குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, குடும்பக் கட்டுப்பாடு, வீடு வீடாக விசாரிப்பு, அத்தனைக்கும் தனித்தனிப் பதிவேடு. டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களில் ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே வெள்ளைச் சீருடை அவருடையதுதான்.

2018-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தபோது இந்த ராஜ்யத்தில் புதிதாக ஒரு நாற்காலி போடப்பட்டது. துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக உயர்த்தி, அவற்றுக்குத் தலைமை வகிக்க சமுதாய சுகாதார அதிகாரி என்ற பதவியை உண்டாக்கினார்கள். 2023 முதல் அந்த மையங்களுக்குப் பெயர் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர். அதிகாரி நாற்காலிக்குப் பெரும்பாலும் வருகிறவர்கள் பி.எஸ்சி. நர்சிங் பட்டதாரிகள் அல்லது ஜி.என்.எம். டிப்ளமா நர்ஸுகள். பதினைந்து வருடம் அந்த ஊரின் பிரசவங்களையெல்லாம் பதிவேட்டில் ஏற்றிய பெண், இருபத்தி மூன்று வயது அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டிய நிலை. இதில் புதியவர் மீது தப்பில்லை. அவர் படித்துவிட்டு வந்திருக்கிறார். ‘அந்தப் படிப்பை நானும் படிக்க முடியாதா?’ என்று பழையவர் கேட்டால் என்ன பதில் என்பதுதான் விஷயம்.

முடியும் என்பதே பதில். ஆனால் பலர் கேட்பதற்கு முன்பே வாயை மூடிக்கொள்கிறார்கள். காரணம், டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய பிளஸ் டூ மார்க் ஷீட்.

இந்தியாவில் நர்சிங்குக்குள் நுழைய மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது நான்கு வருட பி.எஸ்சி. இதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் சலுகை. இரண்டாவது மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமா. எந்த குரூப்பானாலும் சரி, மொத்தத்தில் 40 சதவீதம், ஆங்கிலத்திலும் தனியாக 40 சதவீதம் தேவை. மூன்றாவது இரண்டு வருட ஏ.என்.எம். பிளஸ் டூ பாஸ் என்றால் போதும். 38 சதவீதம் வாங்கிய பெண்ணுக்குத் திறந்திருக்கும் கதவு இந்த மூன்றாவதுதான். ஏழை வீடு, வயல் வேலை, தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமந்த கை, ஆங்கில வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம் இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த 38-ஐப் போட்டன. மார்க் ஷீட்டில் இந்த விவரம் எதுவும் அச்சாவதில்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வரி இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளுக்குள் இருக்கிறது. ஏ.என்.எம். முடித்து மாநில கவுன்சிலில் பதிவு செய்தவர், பாஸ் மார்க் இருந்தாலே ஜி.என்.எம். படிப்புக்குத் தகுதியானவர். 40 சதவீத வேலி அவருக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்குக்குப் பதிலாக, தொழிலில் வாங்கிய பதிவுச் சான்றிதழ் பேசுகிறது.

ஜி.என்.எம். முடித்து, நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் பதிவு செய்துகொண்டால் அடுத்த படி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம். பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், ஜி.என்.எம். பதிவு இருக்க வேண்டும். 45 சதவீதம் என்ற பழைய கேள்வியை இங்கே கவுன்சில் கேட்பதில்லை. ஆனால் இடம் கொடுக்கும் பல்கலைக்கழகமோ மாநிலமோ ஜி.என்.எம். மார்க்கையோ நுழைவுத் தேர்வையோ பார்த்து வரிசைப்படுத்தலாம். ஆகவே 38-ஐ அழிக்கக்கூடிய ரப்பர், ஜி.என்.எம். மூன்று வருடங்களில் வாங்கும் மார்க்தான்.

இது இனாமாகக் கிடைக்கிற சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜி.என்.எம்.மில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 50 சதவீதம், செய்முறையில் தனியாக 50 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். போஸ்ட் பேசிக்கில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் வருகின்றன. வரலாறும் அரசியலும் படித்துவிட்டு ஏ.என்.எம். ஆனவர் அங்கேதான் உயிர்வேதியியலைச் சரியாகச் சந்திக்கிறார். நுழைவதற்கான வாசல் அகலம். வெளியேறும் வாசல் எல்லோருக்கும் ஒரே அளவு. நோயாளிக்கு அதுதான் பாதுகாப்பு.

கணக்கைக் கூட்டினால் சங்கடம் புரியும். ஏ.என்.எம். இரண்டு, ஜி.என்.எம். மூன்று, போஸ்ட் பேசிக் இரண்டு. மொத்தம் ஏழு வருடம். 45 சதவீதம் வாங்கிய பெண் நான்கு வருடத்தில் அடைகிற பட்டத்துக்கு, 38 வாங்கியவர் ஏழு வருடம் வகுப்பில் உட்கார வேண்டும். நூற்றுக்கணக்கான தடுப்பூசிகளைப் போட்ட கையோடு போனாலும் ஜி.என்.எம்.மில் முதல் வருடத்திலிருந்துதான் தொடக்கம். பள்ளியில் விட்ட ஏழு மார்க்குக்கு மூன்று வருட அபராதம்.

நாட்டின் முதல் நர்சிங் பட்டப் படிப்புகள் 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கின. ஏ.என்.எம். பயிற்சி 1950களில் பிறந்தது. கிராமங்களுக்குச் சீக்கிரமாக ஆள் வேண்டும் என்பதற்காக உண்டாக்கிய குறுகிய படிப்பு அது. 1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி இவர்களைப் பல்நோக்கு ஊழியர்களாக்கச் சொன்னது. வேலைகள் கூடின, படிப்பு மேலே போகவில்லை. 1987-ல் மத்திய அரசு நர்சிங் பற்றி ஆராய உயர்நிலைக் கமிட்டி ஒன்றை அமைத்தது. சமூக சேவகி சரோஜினி வரதப்பன் அதற்குத் தலைமை வகித்தார். டிப்ளமா நர்ஸுகள் மேலே படிக்க வழி செய்யும் போஸ்ட் பேசிக் பட்டப் படிப்பு தொடர வேண்டும் என்பது அந்தக் கமிட்டியின் யோசனைகளில் ஒன்று. வேலையை விட முடியாத நர்ஸுகளுக்காக 1990களில் இக்னோ திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் இந்தப் பட்டத்தைத் தொடங்கியது. அங்கே மூன்று வருடம். நுழைவுத் தேர்வும் பணி அனுபவமும் உண்டு.

ஆக, விதிகள் வழி விடுகின்றன. வழி அடைபடுவது வேறு இடங்களில்.

முதலாவது லீவு. ஜி.என்.எம். முழு நேரப் படிப்பு. வார்டில் இரவு டியூட்டியும் உண்டு. நிரந்தர வேலையில் இருப்பவர் படிப்பு விடுப்பு கேட்டால், ‘உங்கள் துணை நிலையத்துக்கு மாற்று ஆள் எங்கே?’ என்று பதில் வரும். 2005-ல் தொடங்கிய தேசிய கிராம சுகாதார இயக்கம் ஏராளமான ஏ.என்.எம்.களை ஒப்பந்தத்தில் எடுத்தது. அவர்கள் மூன்று வருடம் படிக்கப் போனால் பெரும்பாலும் ஒப்பந்தமே போய்விடும். சில மாநிலங்கள் பணியில் உள்ள ஏ.என்.எம்.களுக்கு ஜி.என்.எம். இடங்களை ஒதுக்கி அனுப்பிவைக்கின்றன. மற்ற மாநிலங்களில் அவரவர் சாமர்த்தியம்.

இரண்டாவது பணம். அரசுப் பள்ளிகளில் இடம் குறைவு. தனியார் பள்ளியின் கட்டணமோ ஏ.என்.எம். குடும்பத்தின் சேமிப்பைத் துடைத்துவிடும்.

மூன்றாவது ஏமாற்று. ‘வீட்டிலிருந்தே ஜி.என்.எம்., வருகைப் பதிவு தேவையில்லை’ என்று ஆசை காட்டும் விளம்பரங்களுக்கு இரையாவது மார்க் பற்றிய பயம் உள்ளவர்கள்தான். ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லாத நர்சிங் சான்றிதழை எந்த கவுன்சிலும் பதிவு செய்யாது. பதிவு இல்லையென்றால் அடுத்த படியும் இல்லை.

ஏறத் துணிகிறவர் முதலில் செய்ய வேண்டியது, தன் ஏ.என்.எம். பதிவு நடப்பில் இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டுமா என்று மாநில கவுன்சிலில் பார்ப்பது. பத்தாவதோடு ஏ.என்.எம். முடித்த பழைய தலைமுறைக்கு முதல் படி பிளஸ் டூ. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதினாலும் செல்லும். சேரப் போகும் பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் உள்ளதா என்று பணம் கட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டும். 1947-ம் வருட கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருப்பதால், சேரும் வருடத்தின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம். பட்டத்துக்கு மேலும் ஆசையிருந்தால் ஒன்றை நினைவில் வைக்கலாம்: எம்.எஸ்சி.க்கு பட்டப் படிப்பில் 55 சதவீதம் தேவை. மார்க் மறுபடி அங்கே எட்டிப் பார்க்கும்.

பலன் சின்னதல்ல. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளின் நர்சிங் ஆபீசர் தேர்வுக்கு ஜி.என்.எம். முடித்தவர் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவத்தோடு போகலாம். போஸ்ட் பேசிக் பட்டதாரிக்கு அந்த அனுபவ நிபந்தனை இல்லை. ஏழாவது ஊதியக் குழு அந்தப் பதவிக்கு வைத்த ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ஏ.என்.எம். பதவி அதற்குப் பல படி கீழே. ஊருக்கும் லாபம்தான். எந்தத் தெருவில் யாருக்கு எத்தனையாவது பிரசவம் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் அதிகாரி நாற்காலியில் உட்காருவார்.

சிறந்த நர்ஸுகளுக்கான தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973-ல் ஏற்பட்டது. அது ஏ.என்.எம்.களுக்கும் தரப்படுகிறது. ஜனாதிபதி கையால் வாங்குகிறார்கள், கைதட்டுகிறோம். விருது வருடத்துக்குச் சிலருக்குத்தான். மற்றவர்கள் கேட்பது மூன்று வருட லீவு, திரும்பி வந்தால் வேலை. படிப்பு விடுப்பு விண்ணப்பத்தின் ஓரத்தில் மாவட்ட சுகாதார அதிகாரி எழுதும் ஒற்றை வரியில் இருக்கிறது, அந்த 38 சதவீதம் ஒரு பெண்ணை ஓய்வு பெறும் வரை துரத்துமா, இல்லையா என்பது.