பெயர்த்திக்கு ஒரு பெயர்

சென்ற தை மாதம் என் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் நாள் நெருங்க, வீட்டில் வாதம் மூண்டது. எண்கணிதம் பார்த்து, எவருக்கும் பொருள் விளங்காத பெயர் ஒன்றைக் கொண்டுவந்தார் அண்ணன். மறைந்த பாட்டியின் பெயரான ‘கோமளவல்லி’யையே சூட்டவேண்டும் என்றேன் நான். “சினிமா வில்லி பெயரா?” என்று சிரித்தார் அண்ணி. 2018இல் வெளிவந்த ‘சர்கார்’ படத்தின் எதிர்நாயகிக்கு அப்பெயர்தான். எதிர்ப்பு எழுந்தபின் படத்தில் அது ஒலியடக்கப்பட்டது.

பாட்டி பிறந்த ஊர், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரச் சாலையிலுள்ள திருவிடந்தை. அங்குள்ள நித்திய கல்யாணப் பெருமாளைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கொருத்தியாக மணந்த பெருமாள், முடிவில் அனைவரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் ஏற்றார் என்பது தலபுராணம். அந்த ஒருத்தி அகிலவல்லி. மூத்தவளான கோமளவல்லிக்கு மட்டும் தனிச் சந்நிதி உண்டு.

‘கோமளம்’ வடசொல், மென்மை, இளமை என்று பொருள். ‘வல்லி’ என்பது கொடி. ஆனால் என் பாட்டி மென்கொடியல்லர். சவுக்குத் தோப்பில் விறகு சுமந்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் உள்ளங்கை பனைமட்டையாய்க் காய்த்திருக்கும். பெயருக்குப் பொருள் அகராதி மட்டுமா தருகிறது? அதைச் சுமந்தவரும் அல்லவா தருகிறார்!

பழையதெல்லாம் பொன் என்று நான் சாதிக்கவில்லை. முன்பு நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதியில், அடுத்ததேனும் ஆணாகட்டும் என்று பெண்ணுக்கு ‘வேண்டாம்’ எனப் பெயரிட்டதுண்டு. அத்தகைய பெயர் ஒழிவதே நன்று. ஆனால் அன்போடு இட்ட பெயரை ‘பழசு’ என்ற ஒரே குற்றத்துக்காகத் தள்ளலாமா?

பாட்டன் பெயரைத் தாங்குவதால் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குவதால் பெயர்த்தி. உறவுச்சொல்லே வழக்கத்தைச் சொல்கிறது. அவ்வழக்கம் அறுந்தால் என்னாகும்? முனிவரின் பெண்களுள் ஊரார் நாவில் தங்கியது ஒருத்தியின் பெயரே. நம் குடும்பங்களிலும் அதே கதைதான். தோழர்களே, உங்கள் பாட்டியைப் பெற்றவளின் பெயர் என்ன? எத்தனை பேர் சொல்வீர்கள்? என்னாலும் சொல்ல முடியவில்லை.

முடிவில், பிறப்புச் சான்றிதழில் அண்ணன் கொணர்ந்த பெயர் ஏறியது. குழந்தையின் காதில் அப்பா மும்முறை ஓதியது ‘கோமளவல்லி’. சமரசம்தான். எனினும், காதில் ஓதத் தகுந்த பெயர் சான்றிதழில் எழுதவும் தகுந்ததே என்பது இன்றும் என் கட்சி.