பிரெஞ்சு ஆசிரியருக்கு எது சான்று?

தாம்பரத்தை அடுத்த தனியார் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு ஆசிரியர் பணிக்கான நேர்காணலில் வெளி உறுப்பினராக அண்மையில் அமர்ந்திருந்தேன். வந்தவர்கள் அனைவரின் கோப்பிலும் பட்டச் சான்றிதழ், 'பி2' நிலைத் தேர்ச்சிச் சான்று, ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு. இவருக்கு மொழி தெரியும் என்று அவை கூறின. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு அதைக் கற்பிக்கத் தெரியுமா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. கடைசியில், கேட்ட ஊதியமும் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவுமே முடிவைத் தீர்மானித்தன.

தென்சென்னைப் புறநகரில் இது சிறிய செய்தியன்று. மகேந்திரா சிட்டியில் 2007-இல் பிஎம்டபிள்யூ ஆலையும், ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. அயல்மொழி கற்றால் வேலை கிடைக்கும் என்னும் நம்பிக்கை இப்பகுதிப் பெற்றோரிடம் வேரூன்றியிருக்கிறது. கற்பிப்போரில் நான் அறிந்த பலர், முற்பகல் சேலையூரிலும் பிற்பகல் மேடவாக்கத்திலும் பாடம் நடத்தும் பகுதிநேர ஆசிரியர்கள். மாக்ஸ் முல்லர் பவனும் அலையன்ஸ் பிரான்சேஸும் நுங்கம்பாக்கத்தில் இருப்பதால், மேற்பயிற்சிக்கு மின்சார ரயில் ஏற வேண்டும்.

ஐரோப்பிய கவுன்சிலைச் சார்ந்த, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலுள்ள நவீன மொழிகள் மையம் 2007-இல் மொழி ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கென ஒரு தொகுப்பேட்டை வெளியிட்டது. தன்னைப் பற்றிய கூற்று, தன்மதிப்பீடு, செய்த பணிக்கான சான்றுகள் என்பவை அதன் முக்கியப் பகுதிகள். நம் கல்லூரிகளின் அயல்மொழித் துறைகள் இதையே இணையப் பணித்தொகுப்பாக, இறுதியாண்டில் மதிப்பெண்ணுக்குரிய பாடமாக்கலாம்.

அதில் என்ன இருக்க வேண்டும்? பளபளப்பான முகப்புப் பக்கம் வேண்டியதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் மட்டுமே அறிந்த தமிழ்க் குழந்தைக்கு இது விந்தை. இதை விளக்க ஆசிரியர் வகுத்த பாடத்திட்டம், வகுப்பில் அது எங்கே சறுக்கியது, மறுமுறை எதை மாற்றினார் என்ற குறிப்பு, பெயர் நீக்கித் திருத்திய இரண்டு விடைத்தாள்கள் இருந்தால் போதும். பிரெஞ்சு அறியாத தலைமையாசிரியரும் படித்துப் புரிந்துகொள்வார். சறுக்கியதை எழுதாத தொகுப்பை நான் நம்பமாட்டேன். செய்முறைப் பதிவேடுகளையே கடையில் வாங்கிப் பழகிய ஊர் இது.

இரண்டு எச்சரிக்கைகள். வகுப்பறைக் காணொலியைப் பொதுவெளியில் ஏற்றும் வழக்கம் பெருகிவருகிறது. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆசிரியரின் குரல்பதிவே பாடத்தைக் காட்டிவிடும். குழந்தைகளின் முகம் எதற்கு? அடுத்தது, கல்லூரி வழங்கும் மின்னஞ்சல் கணக்கில் தொகுப்பை உருவாக்கினால், படிப்பு முடிந்து கணக்கு மூடப்படும்போது அதுவும் போய்விடும். விடைபெறும் முன்பே மாணவரின் சொந்தக் கணக்குக்கு மாற்றித் தருவது துறையின் பொறுப்பாக வேண்டும்.

பள்ளிகளும் அதைத் திறந்து பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். அன்று வந்திருந்த ஓர் இளம்பெண், நாங்கள் கேட்காமலே தம் பையிலிருந்து ஒரு பாடக்குறிப்பு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்தவர் காத்திருந்தார். நோட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தோம், நானும்தான்.