மேகத்திலும் ஒரு பரண்

போகிக்குப் போகி பரணை ஒழிக்கிற சகோதரிகளே, கைபேசிக்குப் பின்னால் ஒரு பரண் இருக்கிறதே, அதை எப்போதாவது ஒழித்தீர்களா? நான் ஒழித்ததில்லை. அதற்கு என் மகள் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

டிப்ளமா முடித்த பெண். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மனுப் போட்டபோது என்னுடைய மெயில் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது ஒன்றுதான். கூடப் படித்த பெண்ணுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, இவளுக்கு வரவில்லை. மார்க் போதவில்லையோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இவர் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் விசாரித்தால், "அனுப்பினோம் சார், பெட்டி நிரம்பிடுச்சுன்னு திரும்பி வந்துடுச்சு" என்றார்களாம். தேர்வு நடந்து அன்றைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது.

"எல்லாம் உன் குட்மார்னிங் வீடியோவாலதாம்மா" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

மேகம், மேகம் என்கிறார்களே, ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. பெரிய கட்டடங்களில் இரவும் பகலும் ஓடுகிற கம்ப்யூட்டர்கள்தான். நம் அம்பத்தூர் பக்கம்கூட அப்படிப்பட்ட கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பரண். 2024-லிருந்து ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நிரம்பிவிட்டால் மெயில் வரவும் வராது, போகவும் போகாது.

ஆத்திரத்தில் துடைப்பத்தை எடுத்தேன். பழசுதானே என்று 2019-ஆம் வருஷத்துப் படங்களை போட்டோஸில் அழித்தேன். இடம் துளிகூடக் குறையவில்லை! 2021 ஜூன் 1-க்கு முன்பு 'ஹை குவாலிட்டி'யில் ஏறிய படங்கள் 15 ஜிபி கணக்கிலேயே சேராதாம். அதோடு விட்டதா? போட்டோஸில் அழித்தால் போனில் இருப்பதும் சேர்ந்தே போய்விடும். திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளக்கரையில் என் மாமியார் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரே படமும் போயிற்று. அவர் இப்போது இல்லை. அடிவயிறு கலங்கிவிட்டது. பேக்கப் ஆன படங்கள் போட்டோஸ் குப்பைக்கூடையில் 60 நாள் கிடக்கும் என்று மகள்தான் மீட்டுக் கொடுத்தாள். அத்தனை கோபத்திலும்!

'இந்தப் போனில் இடத்தைக் காலி செய்' என்று ஒன்று வரும். அது போனில் உள்ள நகலை மட்டும் எடுக்கும். மேகத்தில் இடம் விடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிறகு மகள் பக்கத்தில் உட்கார நிதானமாகச் செய்தோம். கூகுள் கணக்கில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று காட்டுகிறது. முதல் குற்றவாளி வாட்ஸ்அப். அமைப்புகளில் சேட் பேக்கப்புக்குப் போய் வீடியோக்களைச் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தி, புதிதாக ஒரு பேக்கப் எடுத்தோம். பெரிய இணைப்புள்ள மெயில்களைத் தேடி அழித்தோம். அழித்தபின் மெயிலின் குப்பைக்கூடை, ஸ்பாம், டிரைவின் குப்பைக்கூடை மூன்றையும் காலி செய்ய வேண்டும். பெருக்கிய குப்பையை மூலையிலேயே குவித்து வைத்தால் வீடு சுத்தமாகுமா? கல்யாண வீடியோக்களை மட்டும் பென்டிரைவில் ஏற்றி, திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மேலே அழித்தோம்.

மகள் தனக்கென்று தனி மெயில் விலாசம் வைத்துக்கொண்டு, வேறு இரண்டு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நான் மாதம் முதல் தேதி பால் கணக்குப் பார்க்கும்போது இதையும் பார்த்துவிடுகிறேன். இந்த மாதம் 9 ஜிபி.