கருவி முடுக்கிய பிறகு



உட்செவியில் பொருத்தும் மின்கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் என்றதும், கருவியை முடுக்கிய நொடியில் ஒருவர் வாய்பொத்தி அழும் வீடியோதான் பலருக்கும் நினைவு வருகிறது. அடுத்த மாதங்களை யாரும் படம்பிடிப்பதில்லை. பெரியவர்கள் படும் பாடு அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கொராஸ்ட் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். 2001இல் மிச்சமிருந்ததும் திடீரெனப் போய்விட்டது. அதே ஆண்டு கருவி பொருத்திக்கொண்டார். பேச்சு மெல்லமெல்லப் பிடிபட்டது. ஆனால் அவர் உயிராய் நேசித்த ரவேலின் 'பொலேரோ' பழையபடி ஒலிக்கவில்லை. உட்செவியில் சுமார் 3,500 உள் மயிரணுக்கள் செய்யும் வேலையைக் கருவியின் 12 முதல் 22 மின்முனைகள் செய்தால் வேறெப்படி இருக்கும்? கருவியின் மென்பொருள் மாறும்போதெல்லாம் அவருக்குக் கேட்கும் உலகமும் மாறியது. எது உண்மையான ஒலி என்ற அந்தத் தவிப்பை 2005இல் வெளிவந்த 'ரீபில்ட்' நூலில் மனம்விட்டு எழுதியிருக்கிறார்.

கருவிக்கு முன்பே நெடுங்காலம் போராடியவர்களும் உண்டு. பிரிட்டிஷ் எம்.பி.யாக இருந்த ஜாக் ஆஷ்லி 1967இல் செவித்திறனை இழந்தவர். அவருக்குக் கருவி பொருத்தப்பட்டது 1993இல்தான். கால் நூற்றாண்டு உதட்டசைவைப் படித்தே நாடாளுமன்றத்தில் வாதாடியவர் அவர்.

சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வலியும் உண்டு. கருவி பொருத்திக்கொண்டால் சைகை மொழி பேசும் நண்பர்கள் விலகிவிடுவார்களோ என்ற அச்சம் அது. வீட்டாரோ, "இப்போதுதான் கேட்கிறதே!" என்று பழையபடி முகம் திருப்பிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கூர்ந்து கேட்டுக் களைத்தவர் மாலையில் கருவியைக் கழற்றிவைத்தால் கோபப்படவும் செய்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மனநல ஆலோசனை கட்டாயமாக வேண்டும். கேட்புப் பயிற்சி நடக்கும் மாதங்களிலும் அது தொடர வேண்டும்.

— ஒரு வாசகர்